எல்லாம் ஆன்லைனில் வந்த பிறகு நூலகர் எதற்கு? நிர்வாகத்துக்கு என்ன பதில் எழுதுவது?

அட்டைப்பெட்டி | திங்கள், காலை 9:40

வணக்கம். ஒரு கல்வி நிறுவன நூலகத்தில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். போன வாரம் நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று வரிதான். நூல் பட்டியல் கணினிக்கு மாறிவிட்டது, இரவல் கொடுப்பதையும் திரும்ப வாங்குவதையும் இயந்திரமே செய்கிறது, இதழ்கள் எல்லாம் ஆன்லைனில் வருகின்றன, எனவே நூலகத்துக்கு எத்தனை பேர் தேவை என்று விளக்கிக் குறிப்பு அனுப்பவும். கோபத்தில் எழுதிய கடிதம் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, பதில் எழுத உட்கார்ந்தால் கை ஓடமாட்டேன் என்கிறது.

அதே வாரம் பழைய கேட்லாக் பெட்டிகளை அகற்றச் சொன்னார்கள். 60 இழுப்பறைகள். அகற்றும் முன் ஒன்றை இழுத்துப் பார்த்தேன். கட்டடக்கலை பற்றிய ஒரு நூலின் அட்டை கையில் வந்தது. முன்பக்கம் வழக்கம்போல ஆசிரியர், தலைப்பு, எந்தப் பொருளின் அடுக்கு என்று சொல்லும் பகுப்பு எண், நூலகத்தில் சேர்ந்த வரிசையைச் சொல்லும் அக்செஷன் எண். திருப்பினால் பின்பக்கத்தில் பென்சிலில், பொடி எழுத்தில்: "பக்கம் 212 வரைபடம் தவறு. அடுத்த பதிப்பில் திருத்தியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவும்." எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த யாரோ எழுதியது. கணினியில் ஏற்றியபோது முன்பக்கத்தை மட்டும்தான் தட்டச்சு செய்தார்கள். பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. நானும்தான்.

அந்தக் கடிதத்துக்கான பதில் இந்த அட்டையில் எங்கேயோ இருக்கிறது என்று படுகிறது. கோவையாக எழுத வரவில்லை. உங்கள் நூலகங்களில் என்ன மாறியது, வாசகராக உங்களுக்கு நூலகர் எந்த இடத்தில் தேவைப்பட்டார் என்று எழுதுங்கள்.

நிரல்_நூல் | திங்கள், முற்பகல் 11:15

நூலக மென்பொருள் பராமரிப்புதான் என் தொழில். கணினி எதை எடுத்துக்கொண்டது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். அட்டை அடிப்பது, அகர வரிசையில் கோப்பது, எந்த நூல் யாரிடம் போயிருக்கிறது என்று சீட்டுகளைப் புரட்டுவது, இதெல்லாம் போய்விட்டது. போனது நல்லதுதான். ஓசிஎல்சி என்ற அமைப்பு 1971 முதல் நூலகங்களுக்காக ஏறத்தாழ 190 கோடி அட்டைகளை அச்சிட்டு அனுப்பியது. 2015 அக்டோபர் 1 அன்று கடைசிக் கட்டு அட்டைகளை அச்சிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது.

இதற்கு வழி திறந்தவர் ஹென்ரியட் ஆவ்ரம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 1960களில் வேலைக்குச் சேர்ந்த நிரலாளர். நூலகவியல் படித்தவர் அல்லர். ஒரு சிறிய அட்டைக்குள் எத்தனை விதமான தகவல் எத்தனை விதிப்படி அடைந்துகிடக்கிறது என்பதை நூலகர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தார். அதுதான் மார்க் வடிவம். ஆசிரியருக்கு 100, தலைப்புக்கு 245, பொருட்தலைப்புக்கு 650. இன்றும் உலகம் முழுக்க நூலகங்கள் இந்த எண்களில்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒருவர் பதிவு எழுதினால் போதும், மற்றவர்கள் இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த முதல் பதிவை ஒரு ஆள்தான் எழுத வேண்டும். இறக்கிய பதிவு சரிதானா என்று பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும். ஒரே ஆசிரியரின் பெயர் நாலு விதமாக எழுதப்பட்டிருந்தால் மென்பொருளுக்கு அவர் நாலு பேர். ஒரே பெயருள்ள இரண்டு பேர் அதற்கு ஒரே ஆள். இறந்து 30 வருடமான ஒருவர் புதிதாக நூல் வெளியிட்டதாகக் காட்டிய பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். அதை எந்த நிரலும் பிடிக்கவில்லை. பட்டியல் பார்க்கும் அம்மா ஒருவர் பிடித்தார், அவருக்கு அந்த ஆசிரியரைப் படித்த பழக்கம் இருந்தது.

செலவுக்கணக்கு | திங்கள், பிற்பகல் 2:05

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன். இதே மாதிரிக் கடிதங்களை அனுப்பும் குழுவில் இருந்திருக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு உதவவே சொல்கிறேன். நூலகம் அறிவின் கோயில் என்கிற மாதிரி எழுதினால் அந்தக் குறிப்பை யாரும் இரண்டாவது பத்திக்கு மேல் படிக்க மாட்டார்கள். எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தேடுபொறியில் தட்டினால் கிடைக்காத எதை நீங்கள் தருகிறீர்கள்? ஒரு உதாரணம், நடந்ததாக இருக்க வேண்டும்.

மூன்றாம்_அடுக்கு | திங்கள், இரவு 8:30

நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. நடந்த ஒன்றையே சொல்கிறேன்.

ஒரு பெண் வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். "காது பற்றிப் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டார். பட்டியல் கணினியில் அவரே தேடிவிட்டுத்தான் வந்திருந்தார். கையில் ஒரு எண் எழுதி வைத்திருந்தார், 617.8. காது நோய்கள், மருத்துவப் பிரிவு. எண் சரிதான். நான் அவரை அந்த அடுக்குக்கு அனுப்பியிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். அவர் நின்ற விதம் ஒரு மாதிரி இருந்தது. "எதற்காகப் படிக்கிறீர்கள் என்று கேட்கலாமா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அம்மாவுக்குக் கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. நான் சத்தமாகப் பேசினால் திட்டுகிறேன் என்று நினைத்து அழுகிறார்."

அவருக்கு 617.8 வேண்டாம். கேட்கும் திறன் குறைந்தவரோடு எப்படிப் பேசுவது, எங்கே உட்கார்ந்து பேசுவது, முகத்தில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும், இதெல்லாம் 362.42-இல் இருக்கிறது, சமூகப் பணிகளோடு. இரண்டு எண்களுக்கும் நடுவில் ஒரு முழுக் கூடம். அவர் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டார். அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

தேடுபொறி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். ஆனால் வாசகர் கொண்டுவரும் முதல் கேள்வி பெரும்பாலும் அவருடைய கேள்வியாக இருக்காது. மரியாதையாக இருக்கும் என்று நினைத்துக் கேட்பது, தெரிந்த வார்த்தையை வைத்துக் கேட்பது, சொல்லக் கூச்சப்பட்டுச் சுற்றி வளைத்துக் கேட்பது. அதற்குப் பின்னால் இருப்பதை, ஆளைச் சங்கடப்படுத்தாமல் வெளியே கொண்டுவருவதுதான் குறிப்புதவி மேசையின் வேலை. நூலகவியல் வகுப்பில் இதற்கு ஒரு பாடமே உண்டு. எனக்குப் பிடிபட பத்து வருடம் ஆனது.

முனைவர்_பாதி | செவ்வாய், காலை 7:50

மூன்றாம்_அடுக்கு அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வு மாணவன் நான். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் என் தலைப்புக்கு முக்கியமான கட்டுரைகளைக் கேட்டேன். 11 கட்டுரைகள் கொடுத்தது. ஆசிரியர், இதழ், தொகுதி, பக்கம், ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகப் பதிவாகும் டிஓஐ எண், எல்லாம் கச்சிதமாக இருந்தன. நாலு மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. நூலகத்தில் சந்தா இல்லை போலிருக்கிறது என்று நினைத்து நூலகரிடம் போனேன்.

அவர் திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். இதழ் உண்மை. அந்தத் தொகுதியும் உண்மை. 88ஆம் பக்கத்தைத் திறந்தால் வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரையின் நடுப்பகுதி. டிஓஐ எண்ணைக் கொடுத்தால் அப்படி ஒன்று பதிவாகவே இல்லை. ஆசிரியர் உண்மையான ஆள், அந்தத் துறையில்தான் இருக்கிறார், ஆனால் அந்தக் கட்டுரையை எழுதவே இல்லை. நாலும் அப்படித்தான். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படி இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு போட்டு நீதிமன்றத்தில் அபராதம் வாங்கியதை அப்போது அவர்தான் சொன்னார்.

எனக்கு அதைவிடப் பெரிய உதவி அதற்கு அடுத்து அவர் செய்தது. மீதி ஏழு கட்டுரைகளையும் திறந்து, நான் நினைத்ததை அவை உண்மையில் சொல்கின்றனவா என்று படிக்கச் சொன்னார். இரண்டு நேர் எதிராகச் சொன்னதைப் பார்த்தேன். மேற்கோள் இருப்பது வேறு, அது நம் வாதத்தைத் தாங்குவது வேறு என்று அன்று புரிந்தது.

செலவுக்கணக்கு | செவ்வாய், காலை 10:20

இரண்டும் நல்ல உதாரணம். இதை நான் மறுக்கவில்லை. இப்போது அடுத்த கேள்வி வரும், தயாராக இருங்கள். மின்னூல் கிழியாது, தொலையாது, அடுக்கில் இடம் மாறாது, ஒட்டுப்போட வேண்டாம். ஒரு தடவை வாங்கிவிட்டால் பராமரிப்பு இல்லையே? அப்படியானால் வாங்கும் பிரிவுக்கும் இருப்பு சரிபார்க்கும் பிரிவுக்கும் ஆள் எதற்கு?

அட்டைப்பெட்டி | செவ்வாய், மாலை 6:45

இதற்கு மட்டும் நான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். இங்கேதான் எங்கள் வேலை தலைகீழாக மாறியிருக்கிறது, வெளியே யாருக்கும் தெரியாமல்.

"ஒரு தடவை வாங்கிவிட்டால்" என்றீர்கள். நாங்கள் வாங்குவதில்லை, ஐயா. அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. நூறு பேருக்குக் கொடுக்கலாம், இன்னொரு நூலகத்துக்கு அனுப்பலாம், பதிப்பகமே மூடிப்போனாலும் அடுக்கில் இருக்கும். மின்னூலில் எங்களுக்குக் கிடைப்பது உரிமம். அந்த உரிமத்தில் எழுதியிருப்பதுதான் எங்களுக்கு உண்டு. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ், நூலகங்களுக்குத் தரும் மின்னூலை 26 தடவை இரவல் கொடுத்ததும் உரிமம் முடிந்துவிடும் என்று அறிவித்தது. மறுபடியும் வேண்டுமென்றால் மறுபடியும் பணம். இரண்டு வாரத்துக்கு ஒருவர் என்று வைத்தால் சரியாக ஒரு வருடம். இன்று இரண்டு வருடத்தோடு தானே காலாவதியாகும் உரிமங்கள் சர்வசாதாரணம். புத்தகம் கிழியாது என்பது உண்மைதான். ஆனால் கிழியாத புத்தகத்துக்குக் காலக்கெடு வைத்துக் கொடுக்கிறார்கள்.

வாங்கியவர் கையிலிருந்தே எடுத்துக்கொண்டதும் நடந்திருக்கிறது. 2009இல் உரிமைச் சிக்கல் வந்த சில மின்னூல்களை அமேசான், வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அப்படிச் செய்ய முடியும் என்று தெரிந்துபோனதே.

எங்களிடமே ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது. ஒரு தொகுப்பில் சந்தா கட்டியிருந்தோம். பதிப்பாளர் சில நூல்களைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார். ஒப்பந்தப்படி அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. ஒரு மாணவி வந்து, வெள்ளிக்கிழமை வரை படித்துக்கொண்டிருந்த நூல் இன்று காணவில்லை, அதில் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்துதான் என் ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன், பக்க எண் சரிபார்க்க வேண்டும் என்றாள். பட்டியலில் அந்த நூல் இன்னும் இருக்கிறதாகவே காட்டியது. தட்டினால் வெற்றுப் பக்கம். இன்னொரு நூலகத்திலிருந்து அச்சுப் பிரதியை வரவழைக்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒப்பந்தத்தைப் படிக்காமல் நான் கையெழுத்துக்கு அனுப்புவதில்லை. சந்தாவை நிறுத்தினால், கட்டிய வருடங்களின் இதழ்களைத் தொடர்ந்து படிக்கலாமா? ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம்? வேறு நூலகம் கேட்டால் ஒரு அத்தியாயம் அனுப்பலாமா? நூலை எடுக்கும் முன் எத்தனை நாள் அறிவிப்பு? வருடா வருடம் எவ்வளவு ஏற்றலாம் என்று வரம்பு உண்டா? முன்பு இருப்பு சரிபார்ப்பு வருடத்துக்கு ஒரு தடவை, அடுக்கடுக்காக. இப்போது அது வாரா வாரம் நடக்கிறது, இணைப்பு இணைப்பாக. வேலை குறையவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

நிரல்_நூல் | செவ்வாய், இரவு 9:10

இதற்கு மாற்று வழி தேடியவர்களும் உண்டு. தன்னிடம் உள்ள ஒரு அச்சுப் பிரதிக்கு ஒரு ஸ்கேன் பிரதி, ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் என்று இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் இரவல் கொடுத்து வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அந்த எண்ணிக்கை வரம்பைச் சில வாரம் தளர்த்தியது. 2020 ஜூனில் நான்கு பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2023இல் ஆர்க்கைவுக்கு எதிராகத் தீர்ப்பு, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் அதே. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இரவல் வரிசையிலிருந்து போயின. எழுதுகிறவர்களுக்கும் வருமானம் வேண்டும் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் விற்பனையிலேயே இல்லாத பழைய நூல்கள் அதில் எத்தனையோ இருந்தன, அதுதான் எனக்கு வலிக்கிறது.

விரல்நுனி | புதன், காலை 6:30

இந்த இழையை என் திரைவாசிப்பான் எனக்குப் படித்துச் சொல்கிறது. எனக்குப் பார்வை இல்லை.

மின்னூல் வருவதற்கு முன் என் வாசிப்பு என்பது யாராவது ஒருவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரம். அவர் எந்த வேகத்தில் படிக்கிறாரோ அந்த வேகம். சில பக்கங்களை அவர் தாண்டிப் போகிறார் என்று தெரிந்தும் கேட்க முடியாது. இன்று நள்ளிரவில் நானே ஒரு அகராதியைத் திறந்து ஒரு சொல்லைத் தேடலாம். அதனால் டிஜிட்டலால் நூலகம் கெட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்பவில்லை. எனக்கு நூலகத்தின் கதவு திறந்ததே அப்போதுதான்.

ஆனால் பாதிக் கதவுதான். "முழுவதும் டிஜிட்டல் ஆக்கிவிட்டோம்" என்று பெருமையாகச் சொன்ன ஒரு தொகுப்பில் போய் ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்தேன். என் மென்பொருள் சொன்னது: "படம். பக்கம் 1. படம். பக்கம் 2. படம்." முந்நூற்றுச் சொச்சம் பக்கமும் இப்படியே. புத்தகத்தைப் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். எழுத்தாக மாற்றவில்லை. உங்களுக்கு அது புத்தகம், எனக்கு வெற்றுத் தாள்.

ஒரு நூலகர்தான் அதைச் சரிசெய்தார். படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆர் மென்பொருளைப் போட்டு எழுத்தாக்கினார். அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது. ஒரு எழுத்தை இன்னொன்றாகப் படித்த இடங்களைத் திருத்தினார், எது தலைப்பு எது அடிக்குறிப்பு என்று குறியிட்டார், அட்டவணையில் எந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று வரிசைப்படுத்தினார். ஒரு வரைபடத்துக்கு அவரே நாலு வரி விளக்கம் எழுதியிருந்தார். "கோடு முதலில் மெதுவாக ஏறி, நடுவில் சட்டென்று சரிகிறது" என்று. அந்த வரைபடத்தை நான் பார்த்தேன் என்றே சொல்வேன்.

2013இல் மராக்கேஷ் உடன்படிக்கை வந்தது. பார்வையற்றோருக்காக, பதிப்புரிமை உள்ள நூல்களையும் படிக்கக்கூடிய வடிவில் ஆக்கலாம், நாடு விட்டு நாடு பகிரலாம் என்று வழி செய்தது. சட்டம் அனுமதி கொடுத்துவிட்டது, ஆனால் கோப்பைச் சரிசெய்ய ஆள் வேண்டும். அட்டைப்பெட்டி ஐயா, உங்கள் குறிப்பில் இதை எழுதுங்கள். ஒப்பந்தத்தில் திரைவாசிப்பானுக்கு ஏற்ற வடிவம் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

அட்டைப்பெட்டி | புதன், காலை 9:05

எழுதுகிறேன். 22 வருடத்தில் எங்கள் ஒப்பந்தம் ஒன்றிலும் அந்த வரி இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். இந்த மாதம் புதுப்பிக்க வேண்டிய இரண்டு சந்தாக்களில் கேட்கப் போகிறேன்.

புதுவரவு | புதன், பிற்பகல் 1:40

நூலகவியல் முதல் வருடம் படிக்கிறேன். எல்லோரும் எழுதுவதைப் படிக்கப் படிக்க எதைக் கற்றுக்கொள்வது என்றே தெரியவில்லை. நிரல் எழுதவா, சட்டம் படிக்கவா, வகைப்பாட்டைக் கரைத்துக் குடிக்கவா? 1931இல் இந்திய நூலகவியல் முன்னோடி ரங்கநாதன் சொன்ன ஐந்து விதிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். இனி அதெல்லாம் பொருந்துமா?

மூன்றாம்_அடுக்கு | புதன், இரவு 7:55

மனப்பாடம் செய்யாதே தம்பி, நாலாவது விதியை மட்டும் எடுத்து ஒரு நாள் முழுக்க உன் நூலகத்தில் வைத்துப் பார். "வாசகரின் நேரத்தைச் சேமி." அந்தப் பெண் 617.8 அடுக்கில் ஒரு மணி நேரம் நின்று வெறுங்கையோடு போயிருந்தால் விதி உடைந்திருக்கும். ஆய்வு மாணவர் இல்லாத கட்டுரையை ஒரு வாரம் தேடியிருந்தால் உடைந்திருக்கும். 'படம், படம்' என்று கேட்டுக்கொண்டே முந்நூறு பக்கம் போனவருக்கு உடைந்தேவிட்டது.

நிரல் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள், பயப்படாத அளவுக்கு. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கப் பழகு. வகைப்பாட்டை விடாதே, அறிவு எப்படிக் கிளை பிரிகிறது என்று அதுதான் கண்ணுக்குக் காட்டும். இது எல்லாவற்றுக்கும் முன்னால், எதிரே நிற்பவர் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருக்கப் பழகு. அதுதான் ரொம்பக் கடினம்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. எங்கள் காலத்தில் இரவல் கொடுக்கும்போது வாங்கி வைத்த வாசகர் சீட்டை, புத்தகம் திரும்பி வந்ததும் அவரிடமே கொடுத்துவிடுவோம். யார் எதைப் படித்தார் என்பதற்குத் தடயம் மிஞ்சாது. நல்ல நூலக மென்பொருளிலும் பழைய இரவல் விவரத்தை ஆள் பெயரிலிருந்து பிரித்துவிடும் வசதி இருக்கிறது. மின்னூலில் இது நம் கையை விட்டுப் போகிறது. எந்தப் பக்கத்தில் நின்றார், எத்தனை நிமிடம் படித்தார் என்பது வரை யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகலாம். 2014இல் அடோபியின் மின்னூல் வாசிப்புச் செயலி, பயனர் எந்த நூலை எந்தப் பக்கம் வரை படித்தார் என்பதைப் பூட்டுக்கூடப் போடாமல் இணையத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. நூலக அமைப்புகள் குரல் கொடுத்த பிறகு திருத்தினார்கள். தீராத ஒரு நோய் பற்றிப் படிக்க வந்தவர், வீட்டை விட்டு வெளியேறுவது பற்றிப் படிக்க வந்தவர், இவர்களெல்லாம் என்னை நம்பி என் முன்னால் நின்றவர்கள். அந்த நம்பிக்கையை யாரிடமும் ஒப்படைக்க எனக்கு மனசு வராது.

செலவுக்கணக்கு | வியாழன், காலை 10:00

அம்மா, இதில் ஒரு சின்ன மாறுபாடு. எந்த நூல் எவ்வளவு பயன்படுகிறது என்ற கணக்கு இல்லாமல் எந்தச் சந்தாவைத் தொடர்வது என்று முடிவெடுக்க முடியாது. கணக்கே வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

மூன்றாம்_அடுக்கு | வியாழன், முற்பகல் 11:30

எத்தனை தடவை திறந்தார்கள் என்ற கணக்கு வேண்டும். யார் திறந்தார்கள் என்பது வேண்டாம். முதலாவதுக்கு இரண்டாவது தேவையில்லை.

செலவுக்கணக்கு | வியாழன், முற்பகல் 11:42

சரி. ஏற்கிறேன்.

நிரல்_நூல் | வியாழன், இரவு 10:20

ஒன்று விட்டுப்போகிறது. காப்பது.

1986இல் பிபிசி ஒரு பெரிய வேலை செய்தது. 1086இல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பு ஏட்டின் 900ஆம் ஆண்டுக்காக, நாடு முழுவதும் மக்களிடம் எழுத்தும் படமும் திரட்டி லேசர் வட்டுகளில் ஏற்றினார்கள். 2000 தாண்டியபோது அந்த வட்டைப் படிக்கும் கருவியே அரிதாகிவிட்டது. ஆய்வாளர்கள் பாடுபட்டுத்தான் மீட்டார்கள். 1086இன் தோல் ஏடு அப்போதும் திறந்தால் படிக்கக்கூடியதாகவே இருந்தது. உங்கள் அடுக்கிலேயே பாருங்கள். 2000க்கு முன்பின் வந்த பாட நூல்களின் பின்னட்டை உறையில் ஒரு குறுந்தட்டு இருக்கும். நூல் நன்றாக இருக்கிறது. தட்டைப் போட கணினியில் வாயே இல்லை. போட்டாலும் அதிலுள்ள மென்பொருள் இன்றைய கணினியில் ஓடாது.

கோப்பு அடுக்கில் இருப்பதுபோல் இருந்துவிடாது. அவ்வப்போது எடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை மாதிரி எண் கணக்கிட்டு, போன தடவை எடுத்த எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு துளி மாறியிருந்தாலும் எண் மாறிவிடும். அப்போது இன்னொரு இடத்திலுள்ள நல்ல பிரதியிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் 1999இல் தொடங்கிய லாக்ஸ் திட்டத்தின் யோசனையே இதுதான்: பல நூலகங்கள், பல பிரதிகள், ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்வது.

இணைப்புகளும் அப்படியே. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் கொடுத்திருந்த இணைய முகவரிகளில் பாதி, முதலில் காட்டியதை இப்போது காட்டவில்லை என்று ஹார்வர்டு ஆய்வு ஒன்று கண்டது. 2013இல் ஹார்வர்டு சட்ட நூலகம் பெர்மா என்ற சேவையைத் தொடங்கியது. மேற்கோள் காட்டும் பக்கத்தை அப்படியே படியெடுத்து, மாறாத முகவரி கொடுத்து வைக்கிறார்கள். வைத்துக் காப்பது நூலகர்கள்.

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தை இணையக் கும்பல் ஒன்று முடக்கியது. கேட்ட பணத்தைக் கொடுக்காததால் ஏறத்தாழ 600 ஜிபி தரவை வெளியே கொட்டினார்கள். நூல்கள் அத்தனையும் அடுக்கில் பத்திரம். ஆனால் பட்டியல் இல்லையென்றால் கோடிக்கணக்கான நூல்களில் எது எங்கே என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? பட்டியல் ஒரு எளிய வடிவில் திரும்பி வந்ததே 2024 ஜனவரியில்தான். அட்டைகளை அகற்றும் முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

செலவுக்கணக்கு | வெள்ளி, காலை 9:30

அட்டைப்பெட்டி, ஒரு யோசனை. குறிப்பை உடனே அனுப்பாதீர்கள், மூன்று வாரம் அவகாசம் கேளுங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். மேசைக்கு வரும் ஒவ்வொரு கேள்வியையும், அது கடைசியில் என்னவாக மாறியது என்பதையும் எழுதுங்கள், ஆள் பெயர் இல்லாமல். உடைந்த இணைப்பு, காணாமல் போன நூல், திருத்திய பதிவு, ஒப்பந்தத்தில் மாற்றிய வரி, எல்லாம். இரவல் எண்ணிக்கையைக் காட்டினால் இயந்திரம் செய்கிறதே என்பார்கள். நீங்கள் எடுத்த முடிவுகளைக் காட்டுங்கள். முடிவை இயந்திரம் எடுத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் குழுவில் இருந்தபோது எனக்கு இப்படி ஒரு நோட்டு வந்திருந்தால் வேறு மாதிரிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அட்டைப்பெட்டி | மூன்று வாரம் கழித்து, செவ்வாய், மாலை 5:50

நோட்டு நிரம்பி இரண்டாவது ஆரம்பித்துவிட்டது. பக்கம் பக்கமாகப் படி எடுத்து, மேலே ஒன்றரைப் பக்கக் குறிப்போடு நேற்று அனுப்பிவிட்டேன். குறிப்பில் வாதம் எதுவும் வைக்கவில்லை. அந்தக் கட்டடக்கலை அட்டையின் இரண்டு பக்கங்களையும் ஸ்கேன் செய்து முதல் பக்கத்தில் வைத்தேன். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் பெட்டிகளை அகற்றுவதை நிறுத்தி வைக்கச் சொல்லித் தொலைபேசியில் சொன்னார்கள். திரைவாசிப்பான் வரியை இரண்டு விற்பனையாளர்களில் ஒருவர் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டார். மற்றவரிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நானும் இரண்டு மாணவர்களும் மாலையில் ஒரு மணி நேரம் அட்டைகளைத் திருப்பிப் பார்க்கிறோம். பெரும்பாலானவை வெறும் பின்பக்கம்தான். பத்து இழுப்பறை முடிந்தது. எழுதியிருப்பவற்றில் பாதிக்கு மேல் ஒரே கையெழுத்து. "இதற்கு மறுப்பு நூல் உண்டு, அடுத்த அடுக்கில்." "தலைப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், இது கணிதம்." "இந்த ஆசிரியர் வேறு, அந்த ஆசிரியர் வேறு." கடைசியைப் படித்ததும் நிரல்_நூல் எழுதியதுதான் நினைவுக்கு வந்தது.

ஒரு சந்தேகம். இந்தக் குறிப்புகளை மார்க் பதிவில் எங்கே போடுவது? 500-இல் பொதுக் குறிப்பு என்று இருக்கிறதே, அதில் போட்டுவிடலாமா?

நிரல்_நூல் | செவ்வாய், இரவு 8:15

500 வேண்டாம். நாளைக்கு யாராவது வெளியிலிருந்து நல்ல பதிவு ஒன்றை இறக்கி மேலே எழுதினால் 500 அப்படியே போய்விடும். 590-இல் போடுங்கள், அது உங்கள் நூலகத்துக்கே உரிய குறிப்புக்கான இடம். மேலெழுதும் விதிகளில் 590-ஐத் தொடக்கூடாது என்று முதலிலேயே அமைத்துவிடுங்கள். தேடலில் அது அகப்படும்படி அட்டவணையிலும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் யாரும் திருப்பிப் பார்க்காத பின்பக்கமாகிவிடும். அட்டையின் படத்தையும் 856-இல் இணைப்பாகக் கொடுங்கள். படத்துக்கு எழுத்தில் விளக்கம் சேர்க்க மறக்காதீர்கள்.

விரல்நுனி | செவ்வாய், இரவு 8:40

கடைசி வரிக்கு நன்றி, நிரல்_நூல்.

அட்டைப்பெட்டி | புதன், காலை 10:25

590 அமைத்தாயிற்று. முதல் பதிவு பக்கம் 212. இரண்டு பதிப்புகளையும் ஒரே அடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.